சாமுண்டீஸ்வரியும் அடம்பிடித்த தோட்டாக்களும்

வேப்பம்பட்டு ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடத் தொலைவில் இருந்த அந்தத் துப்பாக்கிச் சுடும் கழகத்தில் நிர்வாகக் குழுவினர் பதினோரு பேர். ஒழுங்காகச் சுடத் தெரிந்தவர்கள் நான்கு பேர். இரண்டு பட்டியலிலும் இடம்பிடித்தவர் என்று யாரும் கிடையாது.

ஸ்டோர் பொறுப்பு சாமுண்டீஸ்வரியிடம் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் பட்டறையில் பத்தொன்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவள். பட்டறையை ஊரைத் தாண்டி எங்கோ மாற்றிவிட்டார்கள். இவள் கூடப் போகவில்லை. கழகத்தில் சேர்ந்த அன்றே தலைவர் தினகரன், “துப்பாக்கியப் பத்தி ஒரு பொம்பளைக்கு இன்னா தெரியும்?” என்று ஆழ்ந்து யோசித்து, டீ போடும் வேலையையும் சேர்த்துக் கொடுத்துக் குறையைச் சரிசெய்தார். தினகரன் நெமிலிச்சேரிப் பக்கம் மனை விற்பவர். ஆகவே ஆயுதங்கள் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

பயிற்சிக்கான தோட்டாக்களைக் கழகமே தயாரித்துக்கொள்ள முறையான அனுமதி உண்டு. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் புது மருந்து நிரப்பி, மேலே ஈயக் குண்டை பிரஸ்ஸில் வைத்து அழுத்துவார்கள். அந்த ஞாயிறு காலை, அப்படிச் செய்த புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தவள் பானுப்பிரியா. திருநின்றவூரில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருந்த ஐ.டி. பெண், அடுத்த வாரம் அவளுக்கு மாவட்ட அணிக்கான தேர்வு.

“அக்கா, இது உள்ள போகவே மாட்டேங்குது. சிலிண்டரை மூட முடியல” என்றாள்.

ரிவால்வரின் சுழலும் சிலிண்டரில் இருந்த ஆறு அறைகளில் நான்கில் தோட்டா முழுதாக இறங்காமல் அடிப்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது.

தினகரன் உடனே காரணம் கண்டுபிடித்தார். “வெயில்ல பித்தளை விரிஞ்சுக்கும்.” மணி காலை ஏழரை. பிறகு, ரிவால்வர் பழசு என்றார். அதை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்று தெரிந்ததும், கீபோர்டு தட்டும் விரல்களுக்கு வலு போதாது என்றார். அதையும் யாரும் பாராட்டாததால் பேச்சை நிறுத்திவிட்டு, இலக்குப் பலகைகளுக்கு ஆப்பு அடிக்கும் மரச்சுத்தியலோடு வந்தார்.

“சார், இன்னா பண்றீங்கோ?” என்றாள் சாமுண்டீஸ்வரி.

“லேசா ஒரு தட்டு தட்னா உக்காந்துக்கும்மா.”

“நீங்க தட்டப் போற எடத்துலதான் சார் பத்திக்கிற மருந்து கீது. அது உக்காராது, நம்மளப் படுக்க வச்சிடும். சுத்திய இப்டி குடுங்க.”

அவர் கொடுக்கவில்லை. அவளே பிடுங்கிக்கொண்டாள். தலைவர் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கியது கழக வரலாற்றில் அதுவே முதல் தடவை. ரிவால்வரையும் புதுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போனாள்.

அங்கே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். முதலில் ரிவால்வர். அறைகளைத் துடைத்துவிட்டு, கடையில் வாங்கிய தோட்டாவைப் போட்டுப் பார்த்தாள். ஆறிலும் தன் எடைக்கே வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்படியென்றால் கோளாறு துப்பாக்கியில் இல்லை. அடுத்து, புதுப் பெட்டியிலிருந்த ஐம்பதையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். முப்பத்தொன்று இறங்கவில்லை. மைக்ரோமீட்டரில் கூட்டின் பருமன் சரி, வெர்னியரில் மொத்த நீளமும் சரி. பட்டறையில் செய்வதுபோல் நகத்தால் வருடிப் பார்த்தாள். பித்தளையின் வாய் விளிம்பில் நகம் தட்டியது.

லென்ஸில் பார்த்தபோது மெல்லிய ஈய வளையம் தெரிந்தது. குண்டு இறங்குவதற்கு முன் கூட்டின் வாயை பிரஸ்ஸில் பொருத்திய ‘டை’ என்ற இரும்பு அச்சு சற்றே விரிக்க வேண்டும். விரியாததால் பித்தளை விளிம்பு ஈயத்தைச் சீவித் தள்ளியிருக்கிறது. சீவியது விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு வழியை மறிக்கிறது.

பிரஸ்ஸைப் பார்த்தாள். அந்த டை இரண்டு சுற்று மேலே ஏற்றப்பட்டிருந்தது; கைப்பிடி சீக்கிரம் இறங்கும், ஆனால் டை கூட்டின் வாயை எட்டாது. கடைசியாக பிரஸ்ஸை இயக்கியவர் பதிவேட்டில் எழுதியிருந்தார்: ‘உற்பத்தி வேகப்படுத்தப்பட்டது. தினகரன், தலைவர்.’

குழு கூடியது. பஜ்ஜி உண்டு என்று சொல்லியிருந்ததால் பதினோரு பேரும் வந்தார்கள். சாமுண்டீஸ்வரி விஷயத்தைச் சொன்னதும் தினகரன் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். செயலாளர் கஜபதிதான் தலையைச் சொறிந்தார்.

“மினிட்ஸ்ல எப்டிமா எழுதறது? தலைவர் பேரு வருதே.”

“பேரு வேணாம் சார். டை தானா ஏறிக்கிச்சுன்னுகூட எழுதிக்கோங்க. ஆனா அந்தப் பொட்டிய நான் பாஸ் பண்ண மாட்டேன்.”

‘தட்பவெப்ப நிலையால் ஏற்பட்ட சிறு மாறுபாடு’ என்று எழுதினார்கள். விரைந்து நடவடிக்கை எடுத்த தலைவருக்குக் கைதட்டலோடு நன்றி தெரிவித்தார்கள். ஆனால் பெட்டி வெளியே வரவில்லை. டையை இறக்கி வைத்து அவளே புதிதாக ஐம்பது செய்தாள். ஒவ்வொன்றையும் சிலிண்டரில் போட்டு, விழுந்ததை மட்டும் அடுக்கினாள்.

மாவட்டத் தேர்வில் பானுப்பிரியா ஐந்தாவதாக வந்தாள். நான்கு பேரைத்தான் எடுத்தார்கள். “தோட்டா எல்லாம் சூப்பர்க்கா. நான்தான் கோட்டை விட்டேன்” என்று போனில் சொன்னாள். அவள் தோற்றதில் சாமுண்டீஸ்வரிக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த முதல் வரியை மனசுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுவாரம், யாரும் இல்லாத நேரம் பார்த்து தினகரன் ஸ்டோருக்கு வந்தார். அந்தப் பழுதுப் பெட்டியோடு அதே நாளில் செய்த இன்னொரு பெட்டியைத் தனக்கென்று எடுத்து லாக்கரில் வைத்திருந்தாராம்.

“சும்மா ஒருவாட்டி பாத்துடேன், சாமுண்டி.”

அவள் வெற்றுச் சிலிண்டரைக் கழற்றி மேசையில் வைத்தாள். “நீங்களே போடுங்க சார். தானா உளுந்தா இந்தப் பக்கம், உளுவலைன்னா அந்தப் பக்கம். அழுத்தக் கூடாது.”

தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் போட்டார். இருபத்தாறு விழவில்லை. அவற்றை எண்ணித் தனி டப்பாவில் போட்டு, சிவப்புச் சீட்டு ஒட்டி, காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டு, பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். நெடுநேரம் யோசித்தபின் ‘டை சரியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.