ஜேர்மன்காரன் உட்கார்ந்த நாற்காலி

வீடு கட்டக் காணி கொடுக்கும் பட்டியலில் என் பெயர் இல்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள் நான். எங்கள் தோட்டத்தில் தொழிலாளிகள் யாரும் ஆபீசுக்குள் போவதில்லை. வெளியே நின்று ஜன்னல் வழியாகத்தான் பேசுவோம். அப்படி நின்றுதான் கேட்டேன்.

"ஒங்க பைல்ல ஒரு குறிப்பு இருக்கு. அதக் காட்ட முடியாது" என்றார் கிளாக்கர்.

சரிங்கையா என்று திரும்பிவிட்டேன். எனக்கு அப்படித்தான் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதுளையில் ஒரு மண்டபத்தில் ஜேர்மன் படம் போட்டார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வாத்தியார் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். முன்பு ஜேர்மனியின் கிழக்குப் பாதியில் அரசாங்கம் தன் சனங்களையே வேவு பார்த்துப் பைல் வைத்திருந்ததாம். எழுதிக் கொடுத்தவர்களில் பக்கத்து வீட்டுக்காரர்களும் உண்டாம். நாட்டைப் பிரித்து நின்ற மதில் விழுந்து அந்த அரசாங்கமும் போன பிறகு, பைல்களை உரியவர்களுக்கே காட்டினார்களாம். படத்தில் என் வயதுள்ள ஒருவன் நாற்காலியில் உட்காருகிறான். ஒரு பெண் அவன் பைலைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள்.

"அடியே, ஒன் பைலும் இவ்வளவு தடிப்பா இருக்குமோ? கங்காணி சும்மா விட்டிருப்பாரா?" என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் வாத்தியார், "நல்லவேளை, நமக்கு இப்படி எல்லாம் நடக்கல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன நல்லவேளை? வேவு பார்த்த நாடே பைலைத் திறந்து வைத்துவிட்டது. என்னைப் பற்றிய ஒரு வரியை எனக்கே மறைக்க இவர்கள் யார்? எழுந்து கேட்டிருக்கலாம். அந்தக் கோபத்தில் பாதி இன்னும் என்மேல்தான்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் ஆபீசுக்குப் போனேன். கதவு வழியாக உள்ளே நுழைந்து, கிளாக்கருக்கு எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"யாரு ஒன்ன உள்ள வரச் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. என் பைலப் பாத்துட்டுப் போறேன்."

"தொரை வந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"வரட்டுங்க. அவருகிட்டயும் இதத்தான் கேப்பேன்."

பகல் சங்கு ஊதிய பிறகுதான் பைல் மேசைக்கு வந்தது. இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. தமிழில் வாசிக்கச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே வாசித்தார்: "தகப்பன் வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர். சலுகை கொடுக்க வேண்டாம்."

அப்பா செத்து இருபது வருடம்.

"இதத் தமிழ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றேன். அவர் எழுதித் தரும்வரை நான் அந்த நாற்காலியை விட்டு எழும்பவில்லை.