பதினொரு மணிக்கு முன் விகாரைக்கு: பீ நொய்யுடன் ஒரு சனிக்கிழமை

கடந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை, சிட்னி கேம்ப்சியிலிருந்து காம்பெல்டவுன் பக்கம் இருக்கும் தாய்லாந்துக்காரர்களின் விகாரை ஒன்றுக்குப் போய்வந்தேன். அதற்கு நான்கு நாள் முன்புதான், நான் அறை எடுத்திருக்கும் வீட்டுத் தாய்லாந்துப் பெண் பீ நொய்யின் அம்மா அவர்கள் ஊரில் காலமாகியிருந்தார். பீ நொய்யால் போக முடியவில்லை. அவருடைய விசா இன்னும் முடிவாகவில்லை. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி வர முடியாது. அவசர அனுமதி கேட்டிருந்தார். அந்தச் சனிக்கிழமைதான் தகனம், அதுவரை பதில் வரவில்லை.

தாய்லாந்து மொழியில் 'பீ' என்றால் அக்கா, அண்ணா இரண்டும்தான். வயதில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். என்னை அவர் 'நொங்' என்பார், தம்பி என்று அர்த்தம். மற்றப் பேச்செல்லாம் உடைந்த ஆங்கிலத்தில்தான், இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவருக்கு நாற்பத்தைந்து வயது, ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. இரண்டு வருடமாக அந்த வீட்டில் எனக்கு ஓர் அறை. வாரம் 260 டாலர், மின்சாரமும் சேர்த்து. தாய்லாந்துக்காரர் வீட்டில் குடியேறப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். செருப்பு வாசலோடு சரி. புத்தர் சிலை இருக்கும் சுவர்த் தட்டுக்கு நேரே கால் நீட்டக் கூடாது. விளையாட்டுக்குக்கூட யார் தலையையும் தட்டக் கூடாது. உள்ளாடைகளைத் தலைக்கு மேல் வருகிற கொடியில் காயப்போடக் கூடாது (முதல் வாரமே நான் செய்த பிழை, பீ நொய் ஒன்றும் சொல்லாமல் எடுத்து மடித்து வைத்திருந்தார்). முள்ளுக்கரண்டி சோற்றைத் தள்ளத்தான், வாய்க்குப் போவது கரண்டி. கருவாடு பொரித்தால் மூக்கைப் பொத்தாத வீடு இந்த நாட்டில் எனக்கு அது ஒன்றுதான் கிடைத்தது.

அன்று காலை ஐந்து மணிக்கே குசினியில் வெளிச்சம். அம்மாவுக்குப் பிடித்த காரமான மீன் குழம்பு, ஒட்டரிசிச் சோறு, அவித்த கீரை. எல்லாவற்றையும் நாலு அடுக்குக் கரியரில் வைத்துக் கட்டினார். பிக்குமார் பதினொரு மணிக்குச் சாப்பிட உட்காருவார்கள். நடுப்பகலுக்குப் பிறகு எதையும் உண்ண மாட்டார்கள். அதற்குள் உணவு அவர்கள் கைக்குப் போனால்தான் அதன் புண்ணியம் அம்மாவுக்குச் சேரும்.

தூரம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், எம்5 பாதையில் நாற்பது நிமிடம். டோல் ஐந்து டாலர் சொச்சம். ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். வெளியே ஆறு டிகிரி. மூர்பேங்க் பாலத்துக்கு முன்னால் ஒரு லொறி பழுதாகி நிற்க, மூன்று பாதையும் ஒன்றாகிவிட்டது. பத்து இருபதுக்கும் நாங்கள் அதே இடத்தில்தான் நின்றோம். பீ நொய் கரியரை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார்.

"நொங், நேரத்துக்குப் போயிடுவமா?"

"போயிடுவம் பீ."

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவர் மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை. "கடைசியா போன்ல கதைச்சப்போ, சாப்பிட்டியா எண்டு அம்மா கேட்டா. வேலை இருக்கு, பிறகு எடுக்கிறன் எண்டு வச்சிட்டன்" என்றார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு விகாரையின் வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு முன்பும் நாலைந்து தடவை அவரை அங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன், உள்ளே போனதில்லை. காருக்குள்ளேயே இருந்து போன் பார்ப்பேன். நான் இலங்கையில், யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரன். எங்கள் பக்கத்தில் புத்தர் சிலை பெரும்பாலும் இராணுவ முகாமோடுதான் வந்தது. அந்தக் காவி நிறத்தைக் கண்டால் என் தோள் தானாக இறுகும். பீ நொய்க்கு அது தெரியும். ஒருநாளும் உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை.

அன்று கரியரின் பிடி கழன்று ஓர் அடுக்கு சரிந்தது. நான் பாய்ந்து பிடித்தேன். பிடித்தபடியே அவரோடு ஓடினேன். மண்டபத்துக்குள் போய் நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

ஐந்து பிக்குமார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் எங்களைப் பார்த்ததும் ஓதலை ஆரம்பிக்காமல் காத்திருந்தார். பெண் கையிலிருந்து பிக்கு நேரே வாங்கக் கூடாது. தனக்கு முன்னால் ஒரு துணியை விரித்தார். பீ நொய் முழங்காலில் நின்று பாத்திரங்களை அதன்மேல் வைத்தார். அப்போதுதான் அழுதார். அதுவரை அழவில்லை.

பிறகு சிறிய செம்பு ஒன்றில் தண்ணீர் வந்தது. பிக்குமார் ஓத ஓத, அதைக் கிண்ணமொன்றில் மெல்ல ஊற்ற வேண்டும். இறந்தவரை நினைத்து ஊற்றினால் புண்ணியம் அவருக்குப் போகும். பீ நொய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நொங், உன்ர அப்பாவுக்கு நீ செய்தனியா?"

"இல்லை பீ."

அப்பா இறந்தபோது நான் இங்கே வில்லாவுட் குடிவரவுத் தடுப்பு முகாமில் இருந்தேன். கொள்ளி வைத்தது என் அக்காவின் கணவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் அவரேதான். இதை எப்போதோ ஒருநாள் சோறு சாப்பிடும்போது சொல்லியிருந்தேன். பீ நொய் மறக்கவில்லை.

"என்ர கையைப் பிடி. அப்பான்ர பேரைச் சொல்லு."

அவர் முழங்கையில் என் விரல்களை வைத்தேன். "செல்லத்துரை" என்றேன். இன்னொரு தடவை சொன்னேன். தண்ணீர் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. முடிந்ததும் இரண்டு பேருமாக வெளியே போய், அந்தத் தண்ணீரை ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் ஊற்றினோம்.

ஒரு மணிக்குள் வீடு திரும்பினோம். குளிர்காலத்தில் தாய்லாந்து சிட்னிக்கு மூன்று மணி நேரம் பின்னால். அங்கே இரண்டு மணிக்குத் தகனம், இங்கே ஐந்து மணி. குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ அழைப்பில் பார்த்தோம். தகனசாலைப் புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பியதும் பீ நொய் கைகூப்பினார். நானும்தான்.

போக நினைப்பவர்களுக்கு: பத்தரைக்கு முன் போய்ச் சேருங்கள், எம்5-ஐ நம்பி நேரம் போடாதீர்கள். கார் இல்லாவிட்டால் சென்ட்ரலிலிருந்து காம்பெல்டவுன் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. சனி ஞாயிறில் ஓப்பல் பயண அட்டையில் நாள் முழுவதற்கும் பத்து டாலருக்குள் முடியும். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், துக்கத்துக்குக் கறுப்போ வெள்ளையோ சரி. மண்டபத்தில் காலைப் பின்னால் மடக்கி உட்காருங்கள். சமைத்துத்தான் கொண்டுபோக வேண்டுமென்றில்லை, பழம் போதும். உள்ளே போகத் தயக்கம் இருந்தால் வெளியிலேயே நில்லுங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

மறுநாள் ஊரிலிருக்கும் என் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, நேற்று அப்பாவுக்குத் தண்ணி வார்த்தனான். ஒரு தாய் கோயில்ல."

"எந்த அம்மன்?"

"அம்மன் இல்லை அம்மா. தாய்லாந்துக்காரற்ற புத்த கோயில்."



"சாப்பாடு வச்சனீங்களோ?"

"ஓம். பீ நொய் சமைச்சவ. மீன் குழம்பு. சரியான உறைப்பு."

"நல்லது" என்றார் அம்மா. "கொப்பருக்கு உறைப்பெண்டால் உயிர்."