மூன்று ஷெட்டுக்கும் ஒரே வெயில்

என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு முட்டை அட்டை மாட்டியிருக்கிறது. நாமக்கல்லில் யாரும் முட்டை அட்டையை ஆணியடித்து மாட்ட மாட்டார்கள். லாரி லாரியாக ஊரைவிட்டுப் போகிற சாமான் அது. அதில் ஒரு குழியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருக்கும். போட்டவன் நான்தான். என் மனைவியின் அண்ணனுக்குப் பாடம் நடத்துகிற தோரணையில் போட்ட வட்டம்.

மச்சான் சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். அப்போது மூன்று ஷெட். நான் சின்னச் சின்ன மின்கருவிகளுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். சித்திரையில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை. மச்சானோ, "இந்த வெயில்ல குஞ்சுகள உட்டுப்போட்டு எப்படீங்க மாப்ள வாரது? ஆவணியில வெச்சுக்கலாமுங்க" என்று தயங்கினார். ஷெட்டில் சூடு கொஞ்சம் ஏறினாலும் குஞ்சுகள் வாயைப் பிளந்துவிடும். நான் விடவில்லை. ஷெட்டின் சூட்டை அளந்து செல்போனுக்கு அனுப்பும் பெட்டி ஒன்றை நானே செய்து கொண்டுபோய் மாட்டினேன். "பெட்டி பாத்துக்குமுங்க மச்சான். நீங்க மடிய மட்டும் கொண்டாங்க" என்றேன்.

பெட்டி அனுப்பும் தகவலின் அமைப்பை அன்று அந்த அட்டையை வைத்துத்தான் விளக்கினேன். பெரிய வரிசை ஒன்று, அதற்குள் மூன்று ஷெட், ஒவ்வொரு ஷெட்டுக்குள்ளும் கருவிகளின் சின்ன வரிசை, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு சூடு. இதற்கு ஜேசன் என்று பேர் என்றேன். மச்சான் மீசையைத் தடவிக்கொண்டு, "லாரிக்குள்ள அட்டை, அட்டைக்குள்ள முட்டை. இதுக்கு எதுக்குங்க மாப்ள வெள்ளக்காரப் பேரு?" என்றார். பிறகு பண்ணையைச் சுற்றிக் காட்டினார். ஷெட்டுக்குள் நுழையும் முன் கதவை விரலால் தட்டி, "சாமி, வாரனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார். "சொந்த ஊட்டுக் கதவத் தட்டற ஒரே மனுசன் நீங்கதானுங்க மச்சான்" என்று நான் கேலி செய்தேன். அவர் சிரித்துக்கொண்டார். ஏன் தட்டுகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பாடம் நடத்த வந்தவன் கேள்வி கேட்பானா?

காதுகுத்தன்று குலதெய்வக் கோயிலில் மகள் மாமன் மடியில் உட்கார்ந்திருக்க, ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்தபடி மறுகையால் செல்போனை நீட்டினார். முகமெல்லாம் பூரிப்பு. "பாருங்க மாப்ள, மூணு ஷெட்டும் புள்ளி மாறாம ஒரே சூடு! நானும் இத்தன வருசமாப் படாத பாடு படறேன், இப்படி ஒருநா அமைஞ்சதில்லீங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது ஷெட் காலியாக, வேப்பமர நிழலில் கிடப்பது. குஞ்சுகள் இருந்ததோ வெட்டவெளியில் நிற்கும் முதல் ஷெட்டில். இரண்டிலும் ஒரே சூடு எப்படி இருக்கும்? செய்த தவறு கண்முன் வந்து நின்றது. ஷெட்டுக்கு ஒன்றாகப் புதிதாக உண்டாக்க வேண்டிய பொருளை, ஷெட் ஷெட்டாக அளக்கும் சுற்று ஆரம்பிக்கும் முன்பே ஒருமுறை மட்டும் உண்டாக்கி, அதையே மூன்று முறை வரிசையில் சேர்த்திருந்தேன். நான் எழுதியிருந்த விதத்தில் சி மொழி நகலெடுத்து வைக்காது. பொருள் இருக்கும் விலாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். அதாவது, அட்டையின் மூன்று குழியிலும் நான் முட்டை வைக்கவில்லை, ஒரே முட்டை இருக்கும் இடத்துக்கு வழி எழுதி வைத்திருந்தேன். கடைசியில் அளந்த மூன்றாவது ஷெட்டின் சூடே மூன்றுக்கும் வந்தது. சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். மூன்று ஷெட்டுக்கான கருவிகளையும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே சூடு காட்டின. ஆகா, என்ன துல்லியம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பிள்ளை மடியில் இருக்க மச்சான் எழ முடியாது. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பந்திக்கு வந்திருந்த ஒருவரின் பைக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் எவருடையதோ. பண்ணையில் காவலுக்கு ஒருவர் இருந்தார். அவர் நம்பர் என் போனில் இருந்தது. போன் என் சட்டைப்பையில் இருந்தது. நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பயந்தவனுக்குக் கால் இருக்கிற அளவுக்குக் கை இருப்பதில்லை.

பளபளவென்ற பட்டு வேட்டியும் சிவப்புத் துண்டுமாக முதல் ஷெட் கதவை உதைத்துத் திறந்து, "அய்யோ!" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. காவலர் சாக்குப் படுதாவை நனைத்துக் கட்டியிருந்தார், காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, சுவரில் தொங்கிய பழைய வெப்பமானி நிதானமாக இருந்தது. என்னைக் கண்ட குஞ்சுகள்தான் அலறி ஒரு மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. கலைக்கிறேன் என்று கைதட்டினேன். குவியல் இன்னும் உயர்ந்தது. மச்சான் ஏன் கதவைத் தட்டுகிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

காது குத்தி முடிந்ததும் மச்சான் வந்துவிட்டார். நானும் காவலரும் குவியலைப் பிரித்துப்போட்டு நின்றுகொண்டிருந்தோம். அடியில் சிக்கியவற்றை அவர் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி மூக்கில் ஊதிப் பார்த்தார். சில கண் திறந்தன. பல திறக்கவில்லை. நான் என் தவறை முதலிலிருந்து உளறிக் கொட்டினேன். கேட்டுவிட்டு, "தட்டிப்போட்டு வந்திருக்கலாமுங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம், "இனி மூணும் வேற வேற காட்டுமுங்களா?" என்று கேட்டார். பெட்டியைக் கழற்றச் சொல்வார் என்று காத்திருந்த எனக்கு அந்தக் கேள்வி அடியைவிட வலித்தது.

அதன்பிறகு சொந்தக்காரர் விசேஷம் எதற்குப் போனாலும், "மாப்ள வாராரு, கோழியக் கட்டுங்க!" என்பார்கள். நானும் கோமாளியாயிற்றே. செருப்பு மாறிய ஓட்டத்தையும் கைதட்டலையும் நடித்தே காட்டுவேன். பந்தியே உருளும். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் அப்படி ஆடி முடித்து நிமிர்ந்தபோது, கடைசி வரிசையில் மச்சான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. மடியில் விரித்திருந்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு அந்த ஆட்டத்தை விட்டுவிட்டேன்.

போன மாதம் அவரே அழைத்தார். "நாலாவது ஷெட் போட்டிருக்கறனுங்க. உங்க அட்டையில இன்னொரு குழி இருக்குதுங்களா மாப்ள?" புதுக் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். கதவுக்கு முன்னால் நின்றேன். மச்சான் பின்னால் நின்று காத்திருந்தார். விரலால் தட்டி, "சாமி, வாரனுங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மாப்ள. உங்க கொரலு அதுகளுக்குப் புதுசு பாருங்க."

மறுபடி சொன்னேன்.

அட்டை இப்போதும் சுவரில்தான் இருக்கிறது. பல்லி முட்டையிட்டிருக்கிறது, கழற்றி எறியுங்கள் என்கிறாள் மனைவி. ஏறிப் பார்த்தேன். நான் வட்டம் போட்ட அதே குழியில், வெள்ளையாக இரண்டு, நிஜ முட்டை. கழற்றவில்லை. காலையில் வேலைக்கு உட்காரும் முன் மேசையை விரலால் தட்டிவிட்டுத்தான் உட்காருகிறேன்.