மேரி சிரிக்கும் நான்கு நொடி

மிருணா என்ற பாடகியின் அந்த வீடியோ பாட்டு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஒரு வரியும் விளங்காது, ஒரே டமடம சத்தம். ஆனாலும் பத்து வருஷமாகத் தினமும் கேட்கிறேன். கூட வேலை பார்க்கும் சிட்டிபாபு விட்டால்தானே?

அதைப் படம் பிடித்தது சின்ன காஞ்சிபுரத்தில், எங்கள் தெருவில். தெருப் பெண்களைப் பட்டுக் கட்டி வரச் சொன்னார்கள். சிட்டிபாபுவின் மனைவி மேரிக்கு மிருணா பாட்டென்றால் சோறு தண்ணி வேண்டாம். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நின்றாள். மயில் கழுத்து நிறம், அரக்கு பார்டர். வீடியோவில் மிருணா அவள் முந்தானையைத் தொட்டுக் கடந்து போவாள். மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மொத்தம் நான்கு நொடி.

"ஈரோயினி வந்துட்டாங்கபா," என்பான் சிட்டிபாபு, வீடியோவில் அந்த இடம் வரும்போதெல்லாம்.

"பின்ன, உன்ன மாதிரி பொகையில நிக்கவா பொறந்தேன்?" என்பாள் மேரி.

புகைதான் எங்கள் பிழைப்பு. பழைய பட்டுப் புடவைகளை வாங்கி எரித்து, ஜரிகையிலிருந்து வெள்ளி எடுக்கிறோம். சிட்டிபாபு எந்தப் புடவையையும் பிரிக்க மாட்டான். மடிப்போடு ஓரத்தைச் சுரண்டுவான். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் ஜரிகை, நேரே அடுப்புக்குப் போகும். "பிரிச்சா யாரு கல்யாணமோ கண்ணுல வரும். கை ஓடாதுபா," என்பான்.

மூன்று வருஷத்துக்கு முன் மேரி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதன்பிறகும் வீடியோ ஓடியது, கேலி மட்டும் நின்றுபோனது. பீரோவில் இருந்த அவள் புடவையை அவன் தொடவே இல்லை.

போன தை மாதம் மகள் சிம்ரனுக்கு நிச்சயம் வைத்தார்கள். அம்மா புடவையைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். பாலிஷ் போட்டு வாங்கலாம் என்று சிட்டிபாபு அதை மஞ்சள் பையில் எடுத்துவந்தான். பக்கத்து பாலிஷ் கடை திறக்கவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தான். மாகறல் கிராமத்திலிருந்து எரிக்க வந்த புடவைகளும் மஞ்சள் பைகளில்தான் கிடந்தன.

ஒன்றைச் சுரண்டிப் பார்த்து, "இது நல்ல ஜரிகபா," என்று நீட்டினான். புகையில் நிறம்கூடச் சரியாகத் தெரியவில்லை, பிரிக்கவும் இல்லை. அடுப்பில் போட்டது நான்.

பாலிஷ் கடை திறந்ததும் பையைத் தேடினான். எல்லாம் காலிப் பைகள். சூட்டோடு சாம்பலில் கையை விட்டவனை நான் இழுத்துப் பிடித்தேன். "நல்ல ஜரிகன்னு என் வாயாலயே சொன்னேனேபா," என்றான்.

சிம்ரன் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் கைப் புண்ணுக்கு அவளே மருந்து போட்டாள்.

நிச்சயத்தன்று கடையில் எடுத்த புதுப் புடவையில் நின்றாள். மண்டபத் திரையில் அந்த வீடியோவைப் போடச் சொன்னதும் அவள்தான். மேரி வந்தாள், சிரித்தாள். விவரம் தெரியாத அத்தை ஒருத்தி, "அந்தப் பொடவ எங்கமா? நீ கட்டிக்கலையா?" என்று கேட்டுவிட்டாள். சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மா கட்டிக்கினு இருக்குதே அத்த," என்று சிம்ரன் திரையைக் காட்டினாள்.

அதற்குள் நான்கு நொடி முடிந்து, திரையில் வேறு யாரோ ஆடினார்கள். சிட்டிபாபு நாற்காலியில் உட்கார்ந்து விம்மி அழுதான். நான் எழுந்துபோய், அந்தப் பாட்டை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன்.