கொலைகாரனுக்கும் ஒரு ‘ங்க’

என் வீட்டுக்காரருக்குப் பார்வை உள்ளது ஒரு கண்ணில்தான். இடது கண், எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே பட்டறையில் இரும்புத் துணுக்கு தெறித்துப் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் போன வருஷம் விழித்திரை கிழிந்து கழன்றுகொண்டது. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் குமிழி அழுத்திப் பிடித்தால்தான் விழித்திரை ஒட்டும். அதற்கு ஒரு வாரம் அவர் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், சாப்பிடும்போதுகூடத் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும். ஒட்டாவிட்டால் பார்வை அவ்வளவுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். குமிழி கரையும் வரை மலை ஏறவும் கூடாதாம், மேலே போகப் போக அது விரியுமாம். ஊட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் தப்பிக்க எனக்கு நல்ல சாக்கு கிடைத்தது, அது வேறு விஷயம்.

சிங்காநல்லூரில் தண்ணீர் மோட்டார்களுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமைகூட அங்கே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால்தான் இவருக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்ட மனுஷன் குப்புறப் படுப்பாரா? முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே போன் அடிக்கிறது, கதவு தட்டுகிறது என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கரண்டியை வீசி எறிந்தேன். கண்ணு போனால் உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரிய என்னால் ஆகாது என்று கத்தினேன். கத்திவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதேன். பயம்தான், வேறென்ன.

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் எங்கள் மகள், கேட்பதற்கென்றே வாசித்து வைத்திருக்கும் கதை ஒன்றைப் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை அரை மணி நேரம் கேட்டார். “இவம்பாட்டுக்கு ஓடிட்டே இருக்கறான். யாரு என்னன்னு கேட்டா நின்னு பதில் சொல்ல மாட்டீங்கறான்” என்று நிறுத்தச் சொன்னார். அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேனே!

நான் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள். ரசம் கொதித்துப் பொங்கினாலும் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இவர் பேப்பரில் இரும்பு விலை பார்ப்பதோடு சரி. அலமாரியில் இருந்ததிலேயே பரபரப்பான மர்ம நாவலாக ஒன்றை எடுத்தேன். அவர் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துத் தரையைப் பார்த்துக் கிடக்க, நான் அவர் முகத்துக்கு நேர்கீழே பாய் விரித்து உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன்.

பங்களா ஒன்றில் தனியாக வாழும் பணக்கார அம்மாள், அவளைச் சுற்றி டிரைவர், வக்கீல், மாடியில் குடியிருப்பவன் என்று நாலைந்து பேர். மூன்றாம் அத்தியாயத்தில் அம்மாள் செத்துக் கிடந்தாள். அதற்குப் பிறகு இவர் எழுந்திருக்கவில்லை. போன் அடித்தால், “அப்பறம் பேசிக்கலாம், நீ படி அம்மிணி” என்றார். காப்பி வேண்டுமா என்றால் அத்தியாயம் முடியட்டும் என்றார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. கதவுப் பிடி திரும்புகிற இடமாகப் பார்த்து நிறுத்துவேன்.

ஒரு நாள் பாதிப் படிப்பில் கட்டில் குலுங்கியது. பார்த்தால், மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். என்னவென்று கேட்டால் சிரிப்பு இன்னும் கூடுகிறது. கடைசியில்தான் சொன்னார். முகமூடிக்காரன் துப்பாக்கியை நீட்டி மிரட்டும் இடத்தை நான், “அசைஞ்சீங்கன்னா சுட்டுப்போடுவேனுங்க” என்று படித்தேனாம். புத்தகத்தைப் பார்த்தேன். ‘அசைந்தால் சுட்டுவிடுவேன்’ என்றுதான் அச்சில் இருந்தது. பிறந்ததிலிருந்து பால்காரருக்கும் ‘ங்க’, பஸ் கண்டக்டருக்கும் ‘ங்க’ போட்டுப் பழகிய நாக்கு. கொலைகாரன் என்றால் மட்டும் விட்டுவிடுமா?

சிரித்துக் குலுங்கியதில் குமிழி நகர்ந்திருக்குமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நோயாளி சிரிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாகச் சிரிக்கலாம், குப்புறப் படுத்தபடியே சிரிக்கச் சொல்லுங்கள் என்றார் நர்ஸ். அவரும் சிரித்தார்.

வாரக் கடைசியில் கதையின் முடிச்சு அவிழ்ந்தது. கொலை செய்தது வக்கீல். துப்பறிகிறவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், எல்லோரும் அம்மாளிடம் ‘நீங்கள்’ என்று பேச, வக்கீல் மட்டும் ஒரே ஒரு தடவை போனில் ‘நீ’ என்று வாய் தவறிவிட்டான். இரண்டு பேருக்கும் ரகசியமாகத் தொடர்பு இருந்தது அதிலேதான் வெளிப்பட்டது. இதைப் படித்ததும் இவருக்குப் பொங்கி வந்துவிட்டது.

“அவனெங்க நீன்னு சொன்னான்? மருவாதியாத்தானே பேசினான்!”

பக்கத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். ‘நீ சாப்பிட்டாயா?’ என்று பளிச்சென்று அச்சாகியிருந்தது. நான் அதை “சாப்பிட்டீங்களா?” என்று படித்துத் தள்ளியிருக்கிறேன்! எழுதியவர் அரும்பாடுபட்டு ஒளித்து வைத்த ஒரே துப்பை என் மரியாதை விழுங்கிவிட்டது. நாலு நாளாக அந்த டிரைவரையே சந்தேகப்பட்டுத் திட்டிக்கொண்டிருந்தவர், இது அநியாயம் என்று எழுந்திருக்கப் போனார். பிடரியில் கைவைத்து அமுக்கினேன். இனிமேல் இருப்பதை இருப்பதுபோலவே படிக்க வேண்டும் என்று தரையைப் பார்த்தபடியே உத்தரவு போட்டார்.

வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது விழித்திரை ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் பார்வை எவ்வளவு திரும்பும் என்பது குமிழி கரையக் கரையத்தான் தெரியும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார். இவர் சோபாவில் உட்காரத் தொடங்கினார். கண்ணுக்குள் குமிழியின் விளிம்பு ஏரித் தண்ணீர் மாதிரி ஒரு கோடாக ஆடுகிறது என்பார். எழுத்து தெரிகிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்? அவரும் தானாக எதுவும் சொல்லவில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே இன்னும் வேகமாகப் படித்தேன்.

வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று ஒரு புத்தகம் படித்தோம். காலையில் ஐந்து மணிக்கு எழுந்தால் ஜெயிக்கலாம் என்றது அது. நம் ஊரில் ஐந்து மணிக்கு எழுந்தால் சோம்பேறி என்று பெயர் என்றார் இவர். பருத்தி உலகமெல்லாம் சுற்றிய வரலாறு ஒன்றைப் படித்தபோது வரிக்கு வரி சண்டை. பிறகு ஒரு பெண் எழுதிய வாழ்க்கை நினைவுகள். ரொம்பச் சிரிப்பான புத்தகம், நாத்தனார்களை அவள் கிண்டலடிக்கும் இடங்களில் எனக்கே அவள்மேல் பொறாமை வந்தது. இவர் என் தோளை ஒட்டி உட்கார்ந்து, பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்பார்.

அப்படியே வந்து வந்து, ஒரு பக்கத்தின் நடுவில் அவளுடைய புருஷன் இறந்துபோகும் பத்தி வந்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக இதை ஏன் வாய்விட்டுப் படிக்க வேண்டும்? குரல் மாறாமல் அடுத்த பத்திக்குத் தாவினேன்.

“நடுவுல ஒண்ண உட்டுப்போட்டியே அம்மிணி.”

ஒன்றையும் விடவில்லை என்று சாதித்தேன். அவர் கையை நீட்டி, நான் தாண்டிய பத்தியின் முதல் வரிமேல் விரலை வைத்தார். எழுத்துக் கூட்டுகிற பிள்ளைபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். “அன்றைக்கும்... நான்... இரண்டு பேருக்குத்தான்... உலை வைத்தேன்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “எப்ப இருந்துங்க தெரியுது?”

“நாலஞ்சு நாளாவே தெரியுது. சொன்னா நீயே படிச்சுக்கோன்னு போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவியே.”

புத்தகத்தாலேயே அவர் தோளில் ரெண்டு போட்டேன். நாலைந்து நாளாக நான் பட்ட பாடு இவருக்கு என்ன தெரியும்? திட்டத் திட்ட அழுகை வந்தது. பிறகு புத்தகத்தை அவர் மடியில் வைத்து, மிச்சத்தையும் நீங்களே படியுங்கள் என்றேன்.

அவர் விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தார். ஒருத்தி தன் புருஷனைப் பறிகொடுத்த பக்கம் அது. நான் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.