எடுத்துவிட்ட பத்தி

நான் வலைப்பதிவு எழுதத் தொடங்கிய முதல் ஆண்டில் என்னை வாசித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிள்ளானில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. வாரமெல்லாம் கொள்கலன் எண்களைத் தட்டச்சு செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து தமிழில் எதையாவது எழுதுவேன். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டுப்போன மூன்று வாரங்கள் பற்றி எழுதினேன். பாசாரில் மீன் விற்கும் சீனப் பெண்மணி எங்களைவிட நன்றாகத் தமிழில் பேரம் பேசுவதைப் பற்றி எழுதினேன். எழுதி முடித்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்கைப் போடுவேன். பெரியப்பா ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புவார். என் லிங்க் அந்தப் பூவுக்கு மேலே ஏறிக் காணாமல் போய்விடும்.

இதை ஒருநாள் என் தோழியிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் நானும் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தாள். கடையின் இணையப் பக்கத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். புதுச் சேலை வந்தால் கைப்பேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி, முந்தானையை விரித்துக் காட்டிப் பேசுவாள். மதியத்துக்குள் ஆட்கள் கடைக்கு வந்து அந்தச் சேலையைக் கேட்பார்கள். அதை நானே பார்த்திருக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை. என் கைப்பேசியை வாங்கி, என் பதிவுகளை மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"லிங்கை மட்டும் போட்டா யாருடி தொடுவா? மேலே ரெண்டு வரி போடு. அந்த ரெண்டு வரி முடியாம நிக்கணும். மிச்சத்தைப் படிக்க உள்ளே வந்தே ஆகணும்" என்றாள்.

"அது விளம்பரம் மாதிரி இருக்குமே."

"விளம்பரம்தான். நீ எழுதுறது நல்லா இருக்கு. ஆள் வரலைன்னா யாருக்கு இருக்கு லா?"

அன்றிலிருந்து என் பதிவுகளுக்கு ஆள் சேர்க்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை மதியம் நான் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போவேன். அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்காருவோம். என் தலைப்புகளை அவள் மாற்றுவாள். ஞாயிறு மதியம் பதிவைப் போடும் என் வழக்கத்தை நிறுத்தி, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போடச் சொன்னாள். கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே போகிறவர்கள் அப்போதுதான் கைப்பேசியைப் பார்ப்பார்களாம். பழைய மாணவர் குழு, கோயில் தொண்டர் குழு, சமையல் குழு, செந்தூல் அடுக்குமாடிக் குழு என்று அவள் இல்லாத குழு இல்லை. எல்லாவற்றிலும் என் லிங்க் போனது. முகம் தெரியாதவர்கள் பின்னூட்டம் எழுதினார்கள். சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு ஆசிரியை, லிஃப்ட் பதிவைத் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த ருசி பழகிவிட்டது. ஒரு வாரம் வாசகர் எண்ணிக்கை குறைந்தால், "என்னடி, இந்த வாரம் சரியா ஷேர் பண்ணலையா?" என்று நானே அவளைக் கேட்கத் தொடங்கினேன்.

பிறகு அக்காவைப் பற்றி எழுதினேன்.

எனக்கு ஒரே அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுக் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். படிப்பு ஏறவில்லை என்று எல்லாரிடமும் சொல்வாள். அம்மா இறந்த பிறகு அலமாரியைத் துடைக்கும்போது அவளுடைய மதிப்பெண் அட்டை கிடைத்தது. வகுப்பில் மூன்றாவதாக வந்திருந்தாள். நான் படிக்க வேண்டுமென்று அவள் பள்ளியிலிருந்து நின்றிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இதுதான் பதிவு.

எழுதும்போது கை அங்கே நிற்கவில்லை. அக்கா எவ்வளவு தாங்கியவள் என்று காட்டுவதற்காக இன்னொரு பத்தியும் எழுதினேன். அவளுடைய மகள் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது அக்காவின் கணவர் வேறு ஒரு பெண்ணோடு ஜொகூருக்குப் போய்விட்டார். கிட்டத்தட்ட இரண்டு வருடம் திரும்பவில்லை. அவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்று அக்கா எல்லாரிடமும் சொன்னாள். பாசாரில் சாக்லேட் வாங்கி, அவர் அனுப்பியது என்று பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். அம்மா அப்பாவுக்குக்கூட அந்தக் கதைதான். பிறகு ஒருநாள் அவர் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றார். அக்கா கதவைத் திறந்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மகளுக்கு எதுவும் தெரியாது. உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் எழுதியதிலேயே நல்ல பத்தி அது. அது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் வெள்ளிக்கிழமை மாலை முழுப் பதிவையும் தோழிக்கு அனுப்பினேன்.

"அந்த சாக்லேட் இடம் படிச்சி அழுதுட்டேன்டி. இதுதான் எழுத்து" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை முழுக்க அந்தப் பாராட்டோடு நடந்தேன். ஞாயிறு காலை மறுபடி படித்தபோது அக்கா மகளின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தப் பத்தியை அழித்தேன். தோழிக்கும் எழுதினேன்: "மாமா விஷயத்தை எடுத்துட்டேன். அக்கா பொண்ணுக்குத் தெரியாது. அது வேணாம்." அவள் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று அனுப்பினாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பதிவு வெளிவந்தது.

ஒன்பது மணிக்கெல்லாம் எண்ணிக்கை எகிறிவிட்டது. பத்து மணிக்குப் பார்த்தால், மற்ற எல்லாப் பதிவுகளுக்கும் சேர்த்து வந்த ஆட்களைவிட அதற்கு அதிகம். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் எல்லாருக்கும் கரிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். "என்ன விசேஷம்?" என்று கேட்டவர்களிடம் என் பதிவைக் காட்டினேன். பின்னூட்டங்களில் மட்டும் ஏதோ சரியில்லை. "மிச்சம் எங்கே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "அவர் திரும்பி வந்தாரா?" என்று இன்னொருவர். வேறு எதையோ படித்துவிட்டு இங்கே வந்து எழுதுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அந்த அரை நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்துச் சொன்னால் இந்தக் கதையைச் சொல்வதில் பொருளில்லை.

மூன்று மணிக்கு அக்கா மகளிடமிருந்து செய்தி வந்தது. கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு படத்தை அனுப்பி, கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்.

"சின்னம்மா, இது எங்க அம்மாவா?"

படத்தைத் திறந்தேன். ரோஜா நிறப் பின்னணியில் நான் அழித்த பத்தி இருந்தது. ஜொகூர், சிங்கப்பூர், சாக்லேட், எல்லாம் என் வார்த்தைகள். வாசலில் பையோடு வந்து நின்ற இடத்தில் வெட்டி, "அக்கா கதவைத் திறந்தாளா?" என்று முடித்திருந்தது. அதன் கீழே என் வலைப்பதிவின் லிங்க். லிங்கைத் தொட்டால் என் பெயரும் என் முகமும்.

தோழியை அழைத்தேன். எடுத்ததும், "பார்த்தியா? கடல் மாதிரி வராங்க!" என்றாள். உடனே எல்லாக் குழுவிலிருந்தும் எடுக்கச் சொன்னேன். இப்போது எடுத்துப் பயனில்லை, ஆட்கள் வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள். நான் பதிவையே நீக்கினேன். எனக்குத் தெரிந்த குழு நிர்வாகிகளை ஒவ்வொருவராக அழைத்தேன். செந்தூல் குழுவை நடத்திய அங்கிள் பொறுமையாகக் கேட்டார். "எங்க குரூப்ல எடுத்துடுறேம்மா. ஆனா இது எனக்கே வேற மூணு குரூப்லேருந்து வந்துடுச்சே" என்றார்.

அனுமதி கேட்டுக்கொண்டு சீக்கிரம் கிளம்பி, ரயில் மாறி செராஸில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கிரில் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். வழக்கமாக நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தண்ணீர் கொதிக்க வைத்துவிடுவாள். அன்று அடுப்படி இருட்டாக இருந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மகள் இருந்தாள்.

"நான் போடலக்கா. நான் அதை எடுத்துட்டேன். அவதான் எனக்குத் தெரியாம" என்று தொடங்கினேன்.

"அவ யாரு எனக்கு?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "அவளை எனக்குத் தெரியாது. உன்னைத்தான் தெரியும். அம்மாகிட்டகூட சொல்லல. உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"அக்கா..."

"ஏன் எழுதுன? அதை மட்டும் சொல்லு."

என்னிடம் பதில் இருந்தது. எழுதினால் நன்றாக வரும் என்று எழுதினேன். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உன்னைப் பெருமைப்படுத்தத்தான் என்று ஏதோ சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக் கதவு திறந்தது. அக்கா மகள் என்னைத் தாண்டித் தன் அம்மாவிடம் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "தினமும் காலேஜ்ல என்னை விடுறது அப்பாதான். நாளைக்கு எப்படிம்மா அந்தக் கார்ல ஏறுவேன்?" என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அந்த நாற்காலிகளுக்கு நடுவில் நான் நிற்க இடமில்லாதவள்போல நின்றுவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். யாரும் இரு என்று சொல்லவில்லை.

கீழே கார் நிறுத்துமிடத்தில் மாமா தன் பழைய காரில் உட்கார்ந்திருந்தார். மாலையிலிருந்து அங்கேதான் இருந்திருப்பார் போல. என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"ஏறும்மா. ஸ்டேஷன்ல விடுறேன்."

நிலையத்தில் இறங்கும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "நீ ஒண்ணும் பொய் எழுதல. செஞ்சவன் நான்தானே" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் ரயிலில் நான் அப்படி அழுதிருக்க மாட்டேன்.

மறுநாள் மதியம் அரைநாள் விடுப்பு எடுத்துப் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். தோழி கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டேன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"பதிவுலேருந்து எடுத்துட்டேன்னு சொன்ன. ப்ரொமோஷனுக்குப் போடாதேன்னு சொன்னியா?"

"அக்கா பொண்ணுக்குத் தெரியாதுன்னு எழுதினேனே."

"பேரு போடல, படம் போடல. யாரு அக்கான்னு எவனுக்குடி தெரியும்?" என்றாள். பிறகு மடித்த சேலையை மேசையில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "ஆள் வரல, ஆள் வரலன்னு வாரா வாரம் என் உயிரை எடுத்தது யாரு? உனக்காகத்தான் செஞ்சேன். எனக்கு இதுல என்ன கிடைச்சது?"

அவள் சொன்னது பொய்யில்லை. அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. விற்க வேண்டிய சரக்கு எது, தொடக்கூடாதது எது என்ற வித்தியாசம் அவளுக்கு எப்போது அழிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவளிடம் ஒரு மன்னிப்பை மட்டும்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். அதற்குள் இரண்டு பெண்கள் கடைக்குள் நுழைந்தார்கள். "வாங்க அக்கா, என்ன மாதிரி சேலை பார்க்கிறீங்க?" என்று அவள் திரும்பினாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பத்தி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. சில மாதங்கள் கழித்து அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதை என்னிடமே காட்டினாள். லிங்க் போய்விட்டிருந்தது, என் பெயரும் இல்லை. "படிச்சீங்களாக்கா? பாவம்லா அந்தப் பொம்பளை" என்றாள். ஆமாம் என்றேன்.

வலைப்பதிவை மூடிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் எழுதுகிறேன், ஒரு நோட்டில், யாருக்கும் காட்டுவதில்லை. அக்கா மகள் மெல்ல மெல்ல என்னோடு பேசத் தொடங்கினாள். கொஞ்ச நாள் பஸ்ஸில் போனவள், இப்போது மறுபடி அப்பாவின் காரில்தான் கல்லூரிக்குப் போகிறாள். அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

அக்காவும் என்னை ஒதுக்கவில்லை. தீபாவளிக்கு அழைத்தாள், முறுக்கு கட்டிக் கொடுத்தாள். போன் செய்தால் எடுப்பாள். மழை பெய்கிறதா, மீன் என்ன விலை, அலுவலகம் எப்படி என்று கேட்பாள். போன மாதம் பேசும்போது வெயிலுக்குக் கண் கூசுகிறது என்றாள். ஏன் என்று கேட்டேன். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்து பத்து நாளாகிறதாம்.

"ஆஸ்பத்திரியில யாருக்கா கூட இருந்தா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

பின்னால் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது.

"சொல்லணும்னு தோணல" என்றாள் அக்கா. பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.