அதற்குப் பெயர் சாட்சியா?

மண்சரிவில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த ஒன்பது வயதுப் பிள்ளையை, மலையகத்தில் டிக்கோயா பக்கத்துக் கிறிஸ்தவச் சபை நடத்தும் பிள்ளைகள் விடுதியில் இன்று மறுபடியும் மேடையேற்றி, வெளிநாட்டு விருந்தினருக்கு அந்த இரவைச் சொல்ல வைத்தார்கள். அவள் என் தங்கையின் பேத்தி.

இதைச் சாட்சி சொல்வது என்கிறார்கள். ஆண்டவர் தனக்குச் செய்ததைத் தானாக எழுந்து சபைக்குச் சொல்வதுதான் சாட்சி. நானும் சொல்லியிருக்கிறேன். என்னை யாரும் பிடித்துத் தள்ளவில்லை.

மழை இரைந்தால் இன்றும் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பிள்ளை, மேடையிலிருந்து இறங்கி வந்து என்னிடம் கேட்டாள்:

"தாத்தா, இந்த வாட்டி நல்லா அழுதேனா? போன வாட்டி அழுவலன்னு பொறுப்பாளர் ஐயா ஏசினாங்க."

நேரே அந்த விடுதிப் பொறுப்பாளரிடம் போனேன்.

"சாட்சி சொன்னா மனப்பாரம் கொறையுங்க, பெரியவரே" என்றார்.

"அப்ப நீங்க ஏறுங்க தம்பி. ஒங்க வீட்டுச் சாவச் சொல்லி அழுங்க. நான் போட்டோ புடிக்கிறேன்."

"கோவப்படாதீங்க. மன்னிக்கிறதுதானே நம்ம வழி?"

கோபப்படத்தான் போகிறேன்.

பொறுப்பாளர் ஞாயிற்றுக்கிழமை அதே மேடையில் ஏறி, பிள்ளையை ஏசியதைச் சபைக்குச் சொல்ல வேண்டும். பிறகு விடுதிச் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டும். விருந்தினர் எடுத்த படங்களை அழிக்க வேண்டும். மனம் காயப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கப் படித்த ஒருவரைப் போதகர் கூட்டிவர வேண்டும். அவளாக வாய் திறக்கும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். மன்னிப்பைப் பற்றி எனக்கு வசனம் அனுப்பத் துடிப்பவர்கள், இவ்வளவும் நடந்த பிறகு அனுப்ப வேண்டும்.